தண்ணீர் கொதிக்காத தெரு

எங்கள் லைன் வீடுகளில் தண்ணீர் கொதிக்க மறுத்தது மாசி மாசத்தில் ஒரு திங்கட்கிழமை. ஏன் மறுத்தது என்று என்னிடம் கேட்க வேண்டாம், எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கும் தெரியாது. அந்த மாசம் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்து, ராத்திரி ஷிப்ட் நின்று, பகல் ஷிப்ட் பாதியாகி, மிச்சப் பாதியும் எப்போது நிற்குமோ என்று ஊரே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது, நகம் தீர்ந்தவர்கள் நகத்தைச் சுற்றியிருந்த தோலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் முதல் வீட்டு ராசாத்தி அக்கா பாலை அடுப்பில் வைத்தாள். நீலமாகத் தீ எரிந்தது, குண்டாவின் அடியைத் தீ நக்கியது, பால் மட்டும் தொட்டித் தண்ணீர்போலச் சில்லென்று நின்றது.

அவள் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள், பர்னரைக் கழற்றி ஊசியால் குத்தினாள், பால்காரரைத் திட்டினாள், குண்டாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள், அங்கே அரிசி தண்ணீருக்கடியில் ஆற்றுக் கூழாங்கல்போலக் கிடந்தது, அதற்கடுத்த வீட்டில் டீத்தூள் தண்ணீர்மேல் மிதந்துகொண்டு நிறம் இறங்காமல் இருந்தது. கடைசியில் அவள் வெறுத்துப்போய் வீட்டுக்குத் திரும்பி, பாலை மறுபடி அடுப்பில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் ராகியைக் கொட்டிக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். ஒரு கல், இன்னொரு கல், ஒரு மண்கட்டி, ஒரு புல் விதை, அப்படியே பொறுக்கிக்கொண்டு போனதில் ஆர்டர் மறந்துபோனது, கம்பெனி மறந்துபோனது, பால் வைத்ததே மறந்துபோனது. பின்னால் பால் பொங்கி அடுப்பில் வழிந்து சுர்ரென்றது. அய்யய்யோ என்று பதறி அவள் உள்ளே ஓடினாளோ இல்லையோ, விளிம்பைத் தாண்டின நுரை அப்படியே திரும்பிக் குண்டாவுக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது.

"அடுப்புக்குப் பக்கத்துல நிக்கற ஆளு உள்ளுக்குள்ள பதறுனா தண்ணி கொதிக்காது, வேறொண்ணுமில்ல" என்று மூன்றாம் வீட்டு டெய்லர் துரைசாமி மாமா சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வருவதை எப்படி ஏற்றுக்கொண்டார்களோ அப்படியே இதையும் ஏற்றுக்கொண்டார்கள், இனிமேல் என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது.

நான் சுகந்தி. பிளஸ் டூ முடித்ததும் மேலே படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனவள். துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை அது. ஆர்டர் நின்றதும் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன், அதனால் தெருவில் நடந்த அத்தனையையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு முட்டாள்தனம் செய்தார்கள். தெருவிலேயே கவலை இல்லாத ஆள் ஆறாம் வீட்டுக் குப்புசாமி அண்ணன்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவார், கல்யாணப் பந்தியில் சாம்பார் வருவதற்குள் தூங்குவார், அவரை நிறுத்தி மொத்தத் தெருவுக்கும் ஒரே அண்டாவில் சோறாக்கிவிடலாம் என்று முடிவானது.

"ஏனுங்ண்ணா, உங்களுக்குத்தான் கவலையே கெடையாதே, அண்டாப் பக்கத்துல சித்த நில்லுங்க" என்றாள் ராசாத்தி அக்கா.

"எனக்கென்ன, நிக்கறேன்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அண்டாவைச் சுற்றித் தட்டும் கையுமாகத் தெருவே நின்றது, எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஒருமுறை அண்டாவைப் பார்த்தார், ஒருமுறை தட்டுகளைப் பார்த்தார், நெற்றியில் வேர்த்தது, அவர் பிறந்ததிலிருந்து வந்த முதல் கவலை அன்றைக்குத்தான் வந்தது, தண்ணீர் ஐஸாகாத குறை.

"இத்தனை பேரு பசிச்ச மூஞ்சியோட பாத்தா எவனுக்குப் பதறாது? போங்கப்பா அக்கட்ட!" என்று கரண்டியைப் போட்டுவிட்டுப் போனார். பாவம், அன்று மத்தியானம் அவருக்குத் தூக்கமும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவரவர் வழியை அவரவரே கண்டுபிடித்தார்கள். ராசாத்தி அக்காவுக்கு ராகி. கல் தீர்ந்துவிட்டால் மறுபடி கல்லைக் கலந்து மறுபடி பொறுக்குவாள், யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவள் வீட்டில்தான் முதலில் குழம்பு வாசம் வந்தது. துரைசாமி மாமாவும் காஞ்சனா அத்தையும் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் அன்றைய சண்டையைப் போட்டு முடித்துவிடுவார்கள், பாதியில் நிறுத்தினால் பருப்பு வேகாது என்பதால் ஒன்றும் மிச்சம் வைக்காமல் போடுவார்கள், "இன்னும் ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க, குக்கர் வெக்கப்போறேன்" என்று அத்தை உள்ளிருந்து கேட்பது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். கடைசி அறையில் இருந்த ஒடிசாப் பையன்களுக்கு ஆரம்பத்திலிருந்தே பிரச்சினை இல்லை. அவர்கள் உலை வைத்ததும் அவர்களில் ஒருவனான பிகாஷின் அம்மாவுக்கு ஊருக்குப் போன் போட்டு, போனை மசாலா டப்பா மேல் சாத்தி வைத்துவிடுவார்கள், அந்தம்மா அங்கிருந்து திட்டத் திட்ட இங்கே சோறு பொங்கும்.

"அந்தம்மா என்ன பேசுதுன்னு ஒரு எழுத்துப் புரியல, ஆனாக் கேட்டா எனக்கும் நெஞ்சுப் பாரம் எறங்குது" என்று ராசாத்தி அக்கா தன் ரசத்தை அங்கே கொண்டுபோய் வைப்பாள். அந்தம்மாவும் பின்னால் யாரோ பொம்பளை இருக்கிறாள் என்று தெரிந்து, அவளையும் சேர்த்தே நீ சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பித்தது, பிகாஷ்தான் அதைத் தமிழில் சொல்வான்.

சிலர் பொழுதோட, வெயில் தாழ்ந்ததும், வாய்க்கால் கரையில் நடந்துவிட்டு வந்து உலை வைத்தார்கள். சிலர் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு வைத்தார்கள். கம்பெனி குரூப்பில் எந்நேரமும் ஏதாவது வதந்தி வரும், அந்தச் செய்தி வந்து போன் டிங்கென்றால் போதும், கொதிக்கிற குழம்பு அடங்கிவிடும், அதனால் சமையல் நேரத்தில் எல்லார் போனும் குழாயடிச் சுவரின் மேல் வரிசையாகப் படுத்திருக்கும், அவை தங்களுக்குள் டிங் டிங்கென்று பேசிக்கொள்ளும், இவர்கள் பாட்டுக்குச் சாப்பிடுவார்கள். முக்குப் பேக்கரிக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், டீ பாய்லருக்கு மேல் ஒரு போர்டு மாட்டினார்: இங்கு ஆர்டர் பற்றிப் பேசக் கூடாது. பேசத்தான் வேண்டும் என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசிவிட்டு, பன் தின்ன இந்தப் பக்கம் வர வேண்டும்.

என் அம்மா சரசாவின் வழி ரொம்பச் சாதாரணமானது. காலில் முழங்கால் வரைக்கும் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்துவிட்டு, சும்மா உட்காருவாள். எனக்கு அது சரிப்படவில்லை. சும்மா உட்கார்ந்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், நான் நின்றால் தண்ணீரில் ஒரு குமிழி வராது.

"நீ நிக்கறதே சண்டைக்கு நிக்கற மாதிரி நிக்கற. அடுப்பு என்னடி பண்ணுச்சு உன்னை?" என்பாள் அம்மா.

ஒருநாள் பொறுமை போய் ரசச் சட்டியைப் பார்த்துக் கத்தியே விட்டேன்: "எனக்குப் பயமா இருக்குது! கம்பெனி தொறக்காதோன்னு பயமா இருக்குது, தொறந்தா என்னைக் கூப்பட மாட்டாங்களோன்னு பயமா இருக்குது, போதுமா?" ரசம் புஸ்ஸென்று நுரை கட்டியது. அன்றிலிருந்து எனக்கு அதுதான் வழி. எதற்குப் பயமோ அதைப் பேர் சொல்லி, சத்தமாக, அடுப்பிடம் சொல்லிவிடுவேன். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும், கேட்கட்டும், அவர்களுக்கும் அதே பயம்தான்.

இப்படியாகத் தெரு பழகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, ஆர்டர் வந்துகொண்டிருந்த காலத்தில் யாரும் இவ்வளவு நிதானமாகச் சாப்பிட்டதில்லை, வேலை குறைவாக இருந்தும் பிள்ளைகளுக்கு அடி குறைந்தது, குப்புசாமி அண்ணனுக்குக்கூடத் தூக்கம் திரும்பி வந்தது. பழகாமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான், அது என் அப்பா.

அப்பா பெயர் மாரப்பன். சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டுகிறவர். பாய்லரில் விறகு எரித்துத் தண்ணீரை நீராவியாக்கி, அதைக் குழாய் வழியாகச் சாயத்தொட்டிகளுக்கு அனுப்ப வேண்டும், நீராவி இல்லையென்றால் தொட்டி சுடாது, தொட்டி சுடாவிட்டால் துணியில் சாயம் ஏறாது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டறையில்தான் வேலை, ஆர்டர் இல்லாமல் அதுவும் பூட்டிக் கிடந்தது. பங்குனி பிறந்ததும் நாச்சிமுத்து முதலாளிக்கு எங்கிருந்தோ ஒரு ஆர்டர் வந்தது, கைக்குழந்தைகளின் சட்டைக்கான துணி, இளமஞ்சள் நிறம், அந்த வாரமே சாயம் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு பட்டறைக்குப் போய்விடும். எல்லோரும் துள்ளிக் குதித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அப்பா பாய்லரைப் பற்றவைத்தார். உள்ளே விறகு எரிந்தது, புகைபோக்கி புகைந்தது, பிரஷர் காட்டுகிற முள் அசையவில்லை.

அடுத்த நாளும் அசையவில்லை. அதற்கடுத்த நாள் முதலாளி வந்து, இதற்குமேல் ஒரு நாள்தான் பார்ப்பேன், அப்புறம் துணியை வண்டியேற்றி அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெருவே சேர்ந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டது. ராசாத்தி அக்கா முறத்தைக் கொடுத்தாள், பொறுக்கினார். துரைசாமி மாமா வந்து, "மச்சான், உங்களுக்குப் பிடிக்காததை நானே எதாச்சும் சொல்றேன், ஒரு சண்டை போடுங்க" என்றார், அப்பா சிரித்துக்கொண்டு சும்மா இருந்தார். வாய்க்கால் வரைக்கும் நடக்கச் சொன்னார்கள், நடந்தார். அம்மா அவர் காலில் தண்ணீர் ஊற்றி, தலைக்கு எண்ணெய் வைத்து, முதுகைத் தட்டிப் படுக்க வைத்தாள், பிகாஷ் தன் அம்மாவைக்கூடப் போனில் கொடுத்துப் பார்த்தான். எல்லாவற்றையும் அப்பா செய்தார், மறுநாள் காலையில் பாய்லர் முன்னால் போய் நின்றார், முள் அப்படியே கிடந்தது.

மத்தியானம் நான்தான் சோற்றுக் கேரியரைக் கொண்டுபோனேன். பட்டறையில் தொட்டிக்குத் தொட்டி ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், மஞ்சள் சாயப்பொடி கரைத்த தண்ணீர் குளிர்ந்து நின்றது, விறகு போடுகிற முனியப்பண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்பா எனக்கு முதுகைக் காட்டி, பாய்லரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா" என்றேன். திரும்பவில்லை.

"அப்பா, சோறு." திரும்பவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா எப்போதும் கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்புவார், கேட்டதற்குச் சில சமயம் பதிலே சொல்ல மாட்டார், நாங்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். என் வேலை ஓட்டை பார்க்கிற வேலை. அவ்வளவு நாள் பார்க்காமல் விட்ட ஓட்டை அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா! உங்களுக்குக் காது கேக்கறதில்லையா?" என்று கத்தினேன்.

முனியப்பண்ணன் கையிலிருந்த விறகு விழுந்தது, தொட்டிப் பக்கம் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள், கூரையில் இருந்த காக்காய் பறந்துபோனது. அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இப்ப கேட்டுது" என்றார். பிறகு விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

நானும் அவர் காதோரம் நெருங்கி உட்கார்ந்து சத்தமாகவே கேட்டேன். "எப்பருந்துப்பா?"

"ஐப்பசிலருந்து இருக்கும் கண்ணு. பிரஷர் அதிகமானா இந்த வால்வு விசிலடிக்கும் பாரு, மொதல்ல அந்தச் சத்தம் கம்மியாச்சு. வால்வுதான் கெட்டுப்போச்சுன்னு கழட்டித் தொடச்சு மாட்டுனேன். அப்பறம் உங்கம்மா சத்தமும் கம்மியாச்சு. அவளைக் கழட்டவா முடியும்?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "இதைச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா அனுப்பிருவாங்க சாமி. காது கேக்காதவன் கையில பாய்லரை எவன் குடுப்பான்?"

"சொல்லாட்டி நீராவி ஏறாது, அப்பவும் அனுப்பத்தான் போறாங்க. அது கெடக்கட்டும்ப்பா. அந்த விசில் அடிச்சு, உங்களுக்குக் கேக்காமப் போயி, முனியப்பண்ணனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அப்பா முகம் சுருங்கிவிட்டது. நான் இப்படித்தான், யோசித்துப் பேச வராது. ஆனால் அவர் கோபப்படவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, "அதுதான் கண்ணு" என்றார். "வேலை போறது ரெண்டாவது. இவன் பக்கத்துல நிக்கறானேன்னுதான் தெனமும் பதறுது. முள்ளைப் பாத்துட்டே நிக்கறேன், கண்ணு சிமிட்டப் பயமா இருக்குது, தண்ணி குடிக்கப் போகப் பயமா இருக்குது. ஆர்டர் இல்லாம பட்டறை பூட்டிக் கெடந்தப்ப எல்லாரும் அழுதாங்க, நான் மட்டும் நல்லாத் தூங்குனேன். சந்தோசமா இருந்துச்சு. அதை நெனச்சா அசிங்கமாவும் இருக்குது."

முனியப்பண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "ஏனுங் மாரப்பண்ணா, இத என்கிட்டச் சொல்லியிருந்தா நானே கேட்டுச் சொல்லியிருப்பேனே. எனக்கென்ன காது வாடகைக்கா விட்டிருக்குது?" என்றார்.

அப்பா எழுந்தார். சோறு தின்னாமலே ஆபீஸ் ரூமுக்குப் போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார், பாய்லர் முன்னால் நிறுத்தி, என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார், ஐப்பசியில் தொடங்கி ஒன்றையும் விடாமல், அம்மாவைக் கழற்ற முடியாதது வரைக்கும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த முதலாளிக்கு முகம் வெளிறிப்போனது. அப்பாவின் தோளோ சொல்லச் சொல்லக் கீழே இறங்கியது, மூட்டையை இறக்கிவைத்த ஆள்போல அவர் நீளமாக மூச்சு விட்டார். பாய்லருக்குள் குடுகுடுவென்று ஏதோ உருண்டது. முள் ஒரு நடுக்கு நடுங்கியது, மேலே கிளம்பியது, கிளம்பின முள் பாதி வழியில் நின்றுவிட்டது.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் வாயில் விரலை வைத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, நீங்க சித்த தள்ளிப் போங்க" என்றார் முனியப்பண்ணன்.

"என்னடா?"

"பதறுறீங்க. தண்ணி நின்னுபோச்சு."

ராசாத்தி அக்கா எங்கிருந்தோ முறத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள், வேலைக்கு வந்த இடத்துக்கும் அவள் அதைக் கொண்டுவந்திருந்தாள். நாச்சிமுத்து முதலாளி வெள்ளை வேட்டியோடு தொட்டித் திண்டில் உட்கார்ந்து ராகியில் கல் பொறுக்கினார். முதலில் வேகம் வேகமாகப் பொறுக்கினார், பிறகு மெதுவாக, பிறகு ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"மாரப்பா, நீ எங்கயும் போக வேண்டாம். ஆனாத் தனியா நிக்கப்படாது. மொதல்ல காது டாக்டரைப் போயிப் பாரு. அது சரியாகிற வரைக்கும் காதுக்குன்னு ஒரு ஆளு எந்நேரமும் கூட நிக்கோணும். முனியப்பன் விறகைப் பாக்கட்டும், விறகையும் சத்தத்தையும் ஒரே ஆளு பாக்க ஆகாது. யாரு நிக்கறீங்க?"

அவருடைய கேள்வி அப்பாவுக்குக் கேட்டதோ என்னவோ, அப்பா என்னைத்தான் பார்த்தார்.

"நான் நிக்கறேன்" என்றேன்.

"இவளா? இவளுக்குப் பொறுமையே கெடையாதே!" என்றாள் ராசாத்தி அக்கா.

"காதுல கேக்கறதுக்குப் பொறுமை எதுக்குக்கா? சத்தம் வந்தா வந்துச்சுன்னு சொல்லப்போறேன்."

"அதுஞ்செரி. சொல்றதுல உன்னை மிஞ்ச ஆளில்ல" என்றார் முதலாளி, அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

வால்வைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் துணியைத் தொட்டியில் இறக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். பிரஷரை ஏற்றுகிறேன், வால்வு அடித்ததும் கையைத் தூக்கு, நான் உன் கையைத்தான் பார்ப்பேன் என்றார். அவர் பாய்லருக்குப் பக்கத்தில் நின்றார், நான் வால்வுக்கு நேரெதிரே, கொஞ்சம் எட்டி நின்றேன். முள் தயங்குவது தெரிந்தது, "பாய்லரே, எனக்குப் பயமா இருக்குது, கேக்காம விட்டுருவேனோன்னு பயமா இருக்குது" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. முள் ஏறியது. முனியப்பண்ணன் விறகைத் தள்ளினார், ஏறியது, தொட்டிப் பக்கம் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், ஏறியது, பாய்லரின் தகட்டில் சூடு அலையலையாகத் தெரிந்தது, அப்பா முள்ளைப் பார்க்கவில்லை, என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார், ஐப்பசிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் நிதானமாகக் கண் சிமிட்டினார்.

வால்வு அடித்தது. கையைத் தூக்கினேன். அப்பா அடுப்புக்குக் காற்றுப் போகிற கதவைச் சாத்தினார், முள் இறங்கியது, சத்தம் நின்றது.

"எப்படி இருந்துச்சு கண்ணு சத்தம்?" என்று கேட்டார். ரொம்ப நாள் பார்க்காத ஒறம்பரையை, சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

நான் பக்கத்தில் போய் அவர் காதில் கத்தினேன். "கேவலமா இருந்துச்சுப்பா. சளி புடிச்சு அம்மா மூக்குச் சிந்துற மாதிரி."

அப்பா சிரித்தார். வயிறு குலுங்க, முனியப்பண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அவர் சிரிக்கச் சிரிக்கப் பாய்லருக்குள் தண்ணீர் தளதளத்தது, முள் எங்கேயோ போனது, நான் ஓடிப்போய் மறுபடி கையைத் தூக்க வேண்டியதாயிற்று.